யோஷிமிட்சுவின் குறுவாள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து ஜப்பானைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை டோக்கியோ உயெனோ பூங்காவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லும் வேலை, சில ஆண்டுகளாக என் தலையில் விழுந்திருக்கிறது. வாள்கள் வைத்திருக்கும் அறைக்கு வந்ததும் எல்லோரும் நீண்ட வாள்களின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நான் மட்டும் ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஒரு சிறிய அலகின் முன்னால் நின்றுவிடுவதைப் பார்த்துவிட்டு, ஒவ்வொருவராகத் திரும்பி வந்து கேள்வி கேட்கத் தொடங்குவார்கள். அந்த அலகின் பெயர் அட்சுஷி டோஷிரோ. அதை அடித்தவர் 13ஆம் நூற்றாண்டில் கியோட்டோவில் வாழ்ந்த அவாடாகுச்சி யோஷிமிட்சு. யார் வந்தாலும் கேள்விகள் ஏறக்குறைய அவையேதான் என்பதால், கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றை இங்கே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன்.

இது கத்தியா, வாளா? எதை வைத்துச் சொல்கிறார்கள்?

நீளத்தை வைத்துத்தான். ஜப்பானியரின் பழைய அளவான ஒரு ஷாக்கு என்பது 30.3 சென்டிமீட்டர். அலகு அதற்குக் குறைவாக இருந்தால் டான்டோ, ஒன்று முதல் இரண்டு ஷாக்கு வரை இருந்தால் வகிசாஷி, அதற்கு மேல் போனால் கட்டானா அல்லது டாச்சி. கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதி இந்தக் கணக்கில் சேராது. அதற்கு நகாகோ என்று பெயர், அதைப் பற்றிக் கீழே நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அட்சுஷி டோஷிரோவின் அலகு 21.8 சென்டிமீட்டர். நம் கணக்கில் ஒரு சாணுக்குச் சற்றே குறைவு. ஆகவே அது டான்டோ. தமிழில் குறுவாள் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். கத்தி என்று சொல்லக் கூடாது என்பதில்லை, ஆனால் அதை அடித்த முறை வாளை அடித்த முறையேதான். அளவு மட்டுமே வேறு.

யோஷிமிட்சு, டோஷிரோ என்று இரண்டு பெயர் வருகிறதே, இரண்டு பேரா?

ஒருவர்தான். டோஷிரோ என்பது அவரை அன்றாடம் அழைத்த பெயர். யோஷிமிட்சு என்பது கொல்லராக அவர் வாளில் பொறித்த பெயர். அவாடாகுச்சி என்பது அவர் தொழில் செய்த இடம். கியோட்டோவின் கிழக்கு வாயில் அது. டோக்காய்டோ பெருவழியில் தலைநகருக்குள் வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் வர வேண்டும். காமாகுரா நகரிலிருந்து படைத்தலைவர்கள் நாட்டை ஆண்ட காமாகுரா காலத்தில், அந்த இடத்தில் ஒரு கொல்லர் குடும்பம் பல தலைமுறைகள் உலை வைத்திருந்தது. குனிட்டோமோ, ஹிசாகுனி, குனியாசு, குனிட்சுனா உள்ளிட்ட உடன்பிறந்தவர்கள் அறுவர் அந்தக் குடும்பத்தில் புகழ்பெற்றவர்கள். அடுத்து வந்த குனியோஷியின் மகன் அல்லது மாணவர் என்று யோஷிமிட்சு குறிப்பிடப்படுகிறார்.

இன்று அங்கே உலை இல்லை. ஆனால் அருகில் உள்ள அவாடா ஆலயத்தின் வளாகத்துக்குள் கொல்லர்களுக்கென்றே ஒரு சிறு சன்னிதி இருக்கிறது. அதில் யோஷிமிட்சுவும் தெய்வமாக வணங்கப்படுகிறார்.

அப்படியானால் “அட்சுஷி” என்பது என்ன பெயர்? வாளுக்கு யார் பெயர் வைத்தது?

அட்சுஷி என்றால் தடிமனானது என்று பொருள், அவ்வளவுதான். “தடித்த டோஷிரோ” என்று சொன்னால் தமிழில் சிரிப்பு வரும், ஆனால் ஜப்பானிய மொழியிலும் அதுதான் பொருள். கொல்லர் தம் வாளுக்குப் பெயர் வைப்பதில்லை. பின்னால் வைத்திருந்தவர்களும், மதிப்பிட்டவர்களும், பார்த்தவர்களும் வைத்த பெயர்கள் இவை.

அதனால் இந்தப் பெயர்களை வரிசையாகப் படித்தால் ஒரு சமூகத்தின் கதையே தெரிந்துவிடும். கோட்டோ டோஷிரோ என்பது, 17ஆம் நூற்றாண்டு முதல் ஜப்பானை ஆண்ட டோக்குகாவா குடும்பத்தின் தங்க நாணயச் சாலையைக் கவனித்த கோட்டோ மிட்சுட்சுகு வைத்திருந்தது. ஹிரானோ டோஷிரோ ஒரு வணிகரிடம் இருந்தது. ஷினானோ டோஷிரோ என்பது ஷினானோ பிரபு என்ற பட்டம் பெற்றிருந்த நகாய் நாவோமாசாவிடம் இருந்தது. நமாசுவோ டோஷிரோவின் நுனி கெளுத்தி மீனின் வால்போல் புடைத்திருக்கும். பெயருக்கும் அதுவே பொருள். மிடாரே டோஷிரோவின் கதை வேறு. அலகின் ஓரத்தில் ஓடும் வெண்மையான கோடு பற்றிக் கீழே பேசும்போது அதைச் சொல்கிறேன்.

இவ்வளவு சின்னதை வைத்துக்கொண்டு போரில் என்ன செய்வார்கள்?

தூரத்தில் வில், நடுத்தூரத்தில் ஈட்டி அல்லது நீண்ட வாள். ஆனால் கவசம் அணிந்த இருவர் கட்டிப் புரண்டு தரையில் விழுந்துவிட்ட பிறகு இவை எதுவும் உதவாது. அப்போது இடுப்பிலிருந்து உருவ வேண்டியது குறுவாள். கவசத்தின் இணைப்புகளுக்கு இடையில், அக்குளிலோ கழுத்திலோ குத்தி இறக்குவதற்கு அகலம் வேண்டாம், நீளமும் வேண்டாம். வளையாத முதுகெலும்பு வேண்டும்.

அட்சுஷி டோஷிரோவின் தடிமனுக்குக் காரணம் அதுதான். அதன் அடியில் முதுகுப்புறத் தடிமன் ஒரு சென்டிமீட்டருக்கு மேல். நம் வீட்டு அரிவாளின் முதுகை நினைத்துப் பாருங்கள். அதைவிடத் தடித்த இரும்பு, ஒரு சாண் நீளத்துக்குள் ஊசிபோல் கூர்மையாகி முடிகிறது. அகலமோ மிகக் குறைவு. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நேராக நின்று பார்க்கிறவர்களுக்கு இது சாதாரணமாகத் தெரியும். பக்கவாட்டில் சென்று முதுகைப் பார்த்தால்தான் பெயரின் பொருள் விளங்கும். இந்த வகைக்குக் கவசந்துளைப்பான் என்ற பொருளில் யோரோய்-டோஷி என்று பெயர்.

வயிற்றைக் கிழித்துக்கொள்ளத்தானே இதை வைத்திருந்தார்கள்?

அதற்கும் பயன்பட்டது, ஆனால் அதற்காக அடிக்கப்பட்டதல்ல. முந்தைய விடையில் சொன்ன பயன்பாடே முதன்மையானது; சமாதான காலத்தில் இது பெரிய மனிதர்களின் இடுப்பில் எப்போதும் இருந்த ஒரு தற்காப்பு ஆயுதம்.

வேடிக்கை என்னவென்றால், யோஷிமிட்சுவின் குறுவாள்களுக்கு இருந்த பெயரே “உடையவன் வயிற்றை அறுக்காது” என்பதுதான். 1493இல் ஹட்டாகேயாமா மசானாகா என்ற தலைவர் கவாச்சி நாட்டில் எதிரிகளால் முற்றுகையிடப்பட்டார். தப்ப வழியில்லை என்றானதும் தம் யோஷிமிட்சு குறுவாளை எடுத்து வயிற்றில் குத்தினார், இறங்கவில்லை. மீண்டும் குத்தினார், மூன்றாம் முறையும் குத்தினார், இறங்கவில்லை. மழுங்கிப் போன இரும்பு என்று ஆத்திரத்தில் அதை வீசி எறிந்தார். அது அருகில் இருந்த மருந்து அரைக்கும் கல்வத்தில் போய்ப் பாய்ந்து, துளைத்துக்கொண்டு நின்றது. கல்வத்துக்கு ஜப்பானிய மொழியில் யாகென் என்று பெயர். அன்று முதல் அந்தக் குறுவாள் யாகென் டோஷிரோ ஆயிற்று. மசானாகா வேறொரு வாளால் உயிர்விட்டார் என்று கதை முடிகிறது. அந்தக் குறுவாள் பின்னர் ஓடா நோபுநாகாவிடம் இருந்தது. இன்று அது இல்லை.

இந்தக் கதையை நீங்கள் நம்புகிறீர்களா?

மசானாகா 1493இல் அந்த முற்றுகையில் இறந்தார் என்பது வரலாறு. வயிற்றில் இறங்காத அலகு கல்வத்தில் இறங்கியது என்பதை நான் நம்பவில்லை. ஆனால் அந்தக் கதையை யார் நம்பினார்கள் என்பது முக்கியம். கூட இருப்பவனே கழுத்தை அறுக்கும் காலத்தில், தன்னை வைத்திருப்பவனைக் காயப்படுத்தாத ஆயுதம் என்ற பெயர் ஒரு குறுவாளுக்குக் கிடைத்துவிட்டால், அதை யார்தான் விரும்பமாட்டார்கள்? நோபுநாகா, ஹிடேயோஷி, டோக்குகாவா குடும்பம் என்று நாட்டை ஆண்டவர்கள் எல்லோரும் யோஷிமிட்சுவைத் தேடிச் சேர்த்ததற்கு, இரும்பின் தரத்தோடு இந்தப் பெயரும் ஒரு காரணம்.

குறுவாள் மட்டும்தான் அடித்தாரா? பெரிய வாள் அடிக்கத் தெரியாதா?

தெரியும், ஒன்று இருக்கிறது. அதன் பெயரே இச்சிகோ ஹிட்டோஃபுரி, அதாவது வாழ்நாளில் ஒரே வாள். இன்று அது ஜப்பான் அரச குடும்பத்தின் சொத்து. அதைத் தவிர, ஹாக்குசான் மலையைச் சார்ந்த ஷிராயாமாஹிமே ஆலயத்துக்குச் சொந்தமான, இருபுறமும் கூருள்ள ஒரு நேர்வாள் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் கனாசாவாவின் மாயேடா குடும்பம், இறந்துபோன தாயின் நினைவாக அதை ஆலயத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்தது. நாகினாட்டா என்ற நீண்ட கைப்பிடி ஆயுதத்தின் அலகாக இருந்து, பின்னர் வாளாகத் திருத்தப்பட்ட ஹோனேபாமி டோஷிரோ கியோட்டோவின் டோயோகுனி ஆலயத்துக்கு உரியது. எலும்பைக் கடிப்பது என்று அதற்குப் பொருள். விளையாட்டாக வீசிக் காட்டினாலே எதிரில் இருப்பவரின் எலும்பு நொறுங்கும் என்றார்களாம். இந்த மிகைப்பேச்சும் கல்வத்தின் கதைக்குத் தம்பிதான்.

எந்த இரும்பு? நம் ஊர் உருக்கு அங்கே போனதாகச் சொல்கிறார்களே!

தமிழர்கள் அனைவரும் கேட்கும் கேள்வி இது. யோஷிமிட்சுவின் காலத்துக்கு விடை: இல்லை. ஜப்பானியர் ஆற்றிலும் மலையிலும் கிடைக்கும் கருமணலை, டட்டாரா என்ற களிமண் உலையில் மரக்கரியோடு சேர்த்துப் பல நாட்கள் எரித்து எஃகு எடுத்தார்கள். உலையை உடைத்து, அடியில் கிடக்கும் கட்டியைச் சில்லுகளாக்கி, தரம் பார்த்துப் பிரிப்பார்கள். தமிழ்நாட்டின் கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் அகழ்ந்தெடுத்த மூசைகள் (இரும்பை உருக்கும் மண்குடுவைகள்) காட்டும் நம் முறை வேறு; இங்கே இரும்பை மூடிய மூசையில் உருக்கினார்கள், அங்கே எஃகு முழுதாக உருகுவதே இல்லை. இரண்டும் தனித்தனிப் பிள்ளைகள்.

பிற்காலத்தில் ஒரு தொடர்பு வருகிறது. போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் கப்பலில் கொண்டுவந்த இரும்பை ஜப்பானியர் நம்பான்-டெட்சு, அதாவது தெற்கத்தியரின் இரும்பு என்று அழைத்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து டச்சுக்காரர் இரும்பையும் எஃகையும் கீழைக் கடலுக்கு ஏற்றுமதி செய்தது உண்மை. அந்தத் தெற்கத்திய இரும்பைக் கலந்தேன் என்று வாளிலேயே பெருமையாகப் பொறித்த கொல்லர் எச்சிசென் யாசுட்சுகு. இவரை மறந்துவிடாதீர்கள், இன்னும் இரண்டு கேள்விகளுக்குப் பிறகு திரும்ப வருவார்.

அலகின் வாயை, அதாவது கூரான விளிம்பை ஒட்டி வெண்மையாக ஒரு கோடு ஓடுகிறதே, அது வரைந்ததா?

வரைந்ததல்ல; தோய்ச்சலில் பிறந்தது. எஃகை மடித்து மடித்து அடித்து அலகாக்கிய பிறகு, அதன் மேல் களிமண் கலவையைப் பூசுவார்கள்: முதுகில் கனமாக, வாயில் மெல்லியதாக. இருட்டிய பட்டறையில் அலகு உலையில் எந்தச் சிவப்புக்கு வந்திருக்கிறது என்பதைக் கண்ணால் மட்டும் அளந்து, தண்ணீரில் தோய்ப்பார்கள். மெல்லிய பூச்சுள்ள வாய் சட்டென்று குளிர்ந்து மிகக் கடினமாகும். கனத்த பூச்சுள்ள முதுகு மெதுவாகக் குளிர்ந்து, வளைந்து கொடுக்கும் தன்மையோடு இருக்கும். இரண்டு வகை எஃகும் சந்திக்கும் எல்லைதான் நீங்கள் பார்க்கும் ஹாமோன்.

யோஷிமிட்சுவின் ஹாமோன் பெரும்பாலும் நேர்கோடு. அடியில் மட்டும், பயறு மணிகளை வரிசையாக வைத்தாற்போலச் சிறு சிறு வளைவுகள் வரும். அதற்குப் பிறகு அமைதியாக நுனிவரை போகும். இந்தச் சிறு மணிகளை அவருடைய கையெழுத்தாகவே கருதுகிறார்கள். மேலே சொன்ன மிடாரே டோஷிரோவில் மட்டும் கோடு அலையலையாகக் கலைந்திருக்கும். “கலைந்தது” என்பதே அந்தப் பெயரின் பொருள். கோட்டுக்கு மேலே உள்ள பரப்பையும் பாருங்கள். அவாடாகுச்சிக் கொல்லர்களின் எஃகு, வெட்டிய பேரிக்காயின் சதைபோல மிக நுண்ணிய, ஈரமான பொடிப்பொடித் தன்மையோடு இருக்கும். ஜப்பானியரும் அதைப் பேரிக்காயோடுதான் ஒப்பிடுகிறார்கள். இதைப் பார்க்க முழங்காலை மடக்கிக் கொஞ்சம் குனிந்து, விளக்கின் பிம்பம் அலகின் மேல் மெல்ல நகரும்படி தலையை அசைக்க வேண்டும். பின்னால் நிற்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பொருட்படுத்த வேண்டாம்.

தீயில் கருகிய வாளைத் திரும்பச் சரிசெய்தார்களாமே, அது எப்படி முடியும்?

முந்தைய விடையில் சொன்ன கடினத்தன்மை வெப்பத்தால் வந்தது, வெப்பத்தாலேயே போய்விடும். 1615இல் டோக்குகாவா இயேயாசுவின் படை ஓசாகா கோட்டையை வீழ்த்தியபோது, ஹிடேயோஷியின் குடும்பமான டோயோடோமி சேர்த்து வைத்திருந்த வாள்களும் கோட்டையோடு எரிந்தன. இச்சிகோ ஹிட்டோஃபுரி, நமாசுவோ டோஷிரோ இரண்டும் அவற்றில் இருந்தன. வடிவம் அப்படியே இருக்கும், ஹாமோன் மறைந்து, வெறும் மென்மையான இரும்பாகிவிடும்.

இயேயாசு அவற்றை எச்சிசென் யாசுட்சுகுவிடம் கொடுத்து மறுபடியும் தோய்ச்சல் போடச் செய்தார். தம் பெயரிலிருந்து “யாசு” என்ற எழுத்தையும், டோக்குகாவா குடும்ப இலச்சினையை வாளில் பொறிக்கும் உரிமையையும் இவருக்குக் கொடுத்தவர் இயேயாசுவே. ஆகவே இன்று அந்த இரண்டிலும் நாம் பார்க்கும் உடல் யோஷிமிட்சுவுடையது, கோடு யாசுட்சுகுவுடையது. பொதுவாக மறுதோய்ச்சல் போட்ட வாளுக்குச் சந்தையில் மதிப்பு பெரிதும் குறையும். இவற்றை யாரும் அந்தத் தராசில் நிறுப்பதில்லை.

மாசாமுனேதானே உலகிலேயே சிறந்த வாள் கொல்லர்? யோஷிமிட்சு அவருக்குக் கீழா?

1719இல் எட்டாம் டோக்குகாவா ஷோகுனான (நாட்டை ஆண்ட படைத்தலைவரான) யோஷிமுனேயின் ஆணைப்படி, பரம்பரை மதிப்பீட்டாளர்களான ஹோனாமி குடும்பத்தார் புகழ்பெற்ற வாள்களின் பட்டியல் ஒன்றைத் தொகுத்தார்கள். அதில் தனி இடம் பெற்று, பின்னர் “வானின் கீழ் மூவர்” என்று அழைக்கப்பட்டவர்கள் யோஷிமிட்சு, மாசாமுனே, கோ யோஷிஹிரோ. தீயில் போனவற்றுக்கு அந்தப் பட்டியலில் தனிப் பகுதியே இருக்கிறது என்பதிலிருந்து, ஓசாகாவில் என்ன நடந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

என் கருத்தைக் கேட்டால், ஒப்பீடே பொருத்தமில்லை. மாசாமுனே காமாகுராவில் ஒரு தலைமுறை பின்னால் வந்தவர்; அவருடைய கோடு புயல், யோஷிமிட்சுவுடையது அமைதியான நீர். குறுவாளில் யோஷிமிட்சுவுக்கு நிகராக வைக்க வேண்டியவர், மாசாமுனேயின் ஆசிரியரான ஷின்டோகோ குனிமிட்சு.

“டோஷிரோ சகோதரர்கள்” என்று இளைஞர்கள் பேசிக்கொள்கிறார்களே, யார் அவர்கள்?

2015இல் வந்த ஒரு ஜப்பானியக் கணினி விளையாட்டு, புகழ்பெற்ற வாள்களை அழகிய இளைஞர்களாக மாற்றிவிட்டது. ஒரே கொல்லர் அடித்ததால் யோஷிமிட்சுவின் குறுவாள்கள் எல்லாம் அதில் அண்ணன் தம்பிகள். ஒரே நீண்ட வாளான இச்சிகோ ஹிட்டோஃபுரி மூத்த அண்ணன். யமகாட்டாவின் ட்சுருவோக்கா நகரில் ஷினானோ டோஷிரோவைப் பார்க்கப் பெண்கள் நெடுந்தூரம் பயணம் செய்து வருவதற்கு அதுவே காரணம். மூத்த அறிஞர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. கண்ணாடிக்கு முன்னால் அதிக நேரம் பொறுமையாக நிற்பவர்கள் இவர்கள்தான்.

என் நண்பரிடம் “யோஷிமிட்சு” என்று எழுதிய குறுவாள் இருக்கிறது. கோடீஸ்வரர்தானே?

பெரும்பாலும் இல்லை. யோஷிமிட்சு தம் பெயரை இரண்டே எழுத்துகளில் நகாகோவில் பொறித்தார். இரண்டு எழுத்தைப் பொறிப்பது போலி செய்பவருக்கு மிக எளிது. அதோடு, டோசா நாட்டில் யோஷிமிட்சு என்ற அதே பெயரில், அதே இரண்டு எழுத்தில் பொறித்த வேறு கொல்லர்களும் இருந்தார்கள். அவர்களுடைய குறுவாள்கள் போலியல்ல; ஆனால் இவர் அல்லர்.

அதனால் மதிப்பிடுபவர்கள் பெயரைக் கடைசியில்தான் படிப்பார்கள். முதலில் வடிவம், பிறகு எஃகின் பரப்பு, பிறகு ஹாமோன், பிறகு நுனியில் அந்தக் கோடு எப்படித் திரும்புகிறது என்பது. இவை எல்லாம் ஒருவரைச் சுட்டிய பிறகு, நகாகோவில் இருக்கும் பெயர் அதை ஒப்புக்கொள்கிறதா என்று பார்ப்பார்கள். ஜப்பானில் 1948இல் தொடங்கப்பட்ட கலைவாள் பாதுகாப்புச் சங்கம் இப்படிப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. உண்மையான யோஷிமிட்சுவின் அட்சுஷி, கோட்டோ, டாச்சிபானா என்ற மூன்று குறுவாள்களும், ஆலயத்து நேர்வாளும் ஜப்பானின் தேசியச் செல்வங்கள். அவை நாட்டை விட்டு வெளியே விற்கப்பட முடியாதவை.

நகாகோவில் துரு பிடித்திருக்கிறது. துடைத்துப் பளபளப்பாக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை நினைவில் வையுங்கள். கைப்பிடிக்குள் நூற்றாண்டுகளாக ஊறிய அந்தக் கருத்த துருதான் வாளின் வயதுச் சான்று. அதன் நிறத்தையும் ஆழத்தையும் பார்த்துத்தான் முந்தைய விடையில் சொன்ன போலிகளைப் பிடிக்கிறார்கள். யாரோ ஆர்வத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த ஒரு பழைய வகிசாஷியை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். நகாகோ புது எவர்சில்வர் கரண்டிபோல மின்னியது. அலகு நல்ல அலகு. அதன் வயதைச் சொல்ல இருந்த ஒரே வாய் அடைபட்டுவிட்டது.

அலகுக்கு மட்டும்தான் பராமரிப்பு: பழைய எண்ணெயை மெல்லிய தாளால் துடைத்து, கல்பொடி முடிச்சால் மெல்லத் தட்டி, மீண்டும் துடைத்து, கிராம்பு எண்ணெய் மணக்கும் மெல்லிய பூச்சைப் புதிதாக இடுவது. அலகுக்கு அருகில் பேசக் கூடாது; வாயிலிருந்து தெறிக்கும் ஈரத் துளி போதும், துருப்புள்ளி விழ. விரலால் தொடவே கூடாது.

ஏன் அடிக்கடி சாணை பிடித்துக் கூராக்கி வைப்பதில்லை?

ஒவ்வொரு முறை தீட்டும்போதும் எஃகு கொஞ்சம் கரைகிறது. 700 ஆண்டுகளில் பல முறை தீட்டப்பட்ட பழைய குறுவாள்கள் இளைத்து, மேல் எஃகு தேய்ந்து, உள்ளே இருக்கும் மென்மையான இரும்பு வெளியே தெரியத் தொடங்கிவிடும். அத்தகைய அலகைக் களைத்துப்போனது என்பார்கள். அட்சுஷி டோஷிரோவின் தடிமன் இன்றும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருப்பது, ஆஷிகாகா ஷோகுன்கள் தொடங்கிக் குரோடா, ஹிடேயோஷி, மோரி, டோக்குகாவா என்று கைமாறிய ஒவ்வொருவரும் அதைத் தீட்டுகல்லில் வைக்கத் தயங்கினார்கள் என்பதைக் காட்டுகிறது.

இப்போது போனால் பார்க்கலாமா?

எப்போதும் முடியாது. அருங்காட்சியகம் வாள்களைச் சுழற்சி முறையில் மாற்றி வைக்கிறது. அட்சுஷி வெளியே இருக்கிறதா என்பதை அவர்களுடைய காட்சிப் பட்டியலில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அது உள்ளே இருந்தால், நாகோயாவின் டோக்குகாவா கலை அருங்காட்சியகத்தில் கோட்டோவோ நமாசுவோவோ காட்சியில் இருக்கிறதா என்று விசாரிக்கலாம். உயெனோவில் இருந்தால், முதலில் பெட்டியின் பக்கவாட்டுக்குப் போய் முதுகைப் பாருங்கள்; பிறகு முன்னால் வந்து குனியுங்கள்.